குக்கர் கேஸ்கெட்டில் வெட்டிய துண்டு

இன்று காலை பல் தேய்ப்பதற்கு முன்பே உன் அப்பாவின் துப்பாக்கியை இரண்டாகப் பிரித்தேன். பதறாதே. அதில் குண்டு இல்லை. குண்டுகள் இந்த வீட்டிலேயே இல்லை. போன வருஷமே கிளப்பிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் நிலையத்திலிருந்து பேசிய பெண், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வரும், முடிந்தால் துப்பாக்கியை இரண்டு பாதியாகக் கழற்றிப் போர்வையில் சுற்றி வையுங்கள், தெரியாவிட்டால் தொடாதீர்கள் என்றாள். தெரியும் என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. ஏழு வருஷமாக யாருமே கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வெளியே பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. சாலையோரம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அலமாரிச் சாவி துவரம்பருப்பு டின்னுக்குள் பழைய இடத்திலேயே இருந்தது. சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தினேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அதைத் தூக்கிக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன், உன் அப்பா சனிக்கிழமைதோறும் செய்வாரே, அதுபோல. டிக், டிக் என்று அதே சத்தம். பிறகு பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளையும் கட்டைவிரலால் தள்ளினேன். மேல்பாதி ஒரு கையிலும் கீழ்பாதி ஒரு கையிலுமாக வந்துவிட்டது. அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அழுகை வரும் என்று நினைத்துக் கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். வரவில்லை. உலோகம் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். இந்தப் பதினான்கு மாதமும் எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. பல் பிடுங்கிய அன்று கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அந்த மாதிரி.

ஜூன் மாதம் டொராண்டோவில் உனக்குக் கல்யாணம். அபிராமியின் அம்மா வாரம் ஒரு தடவை போன் செய்து, "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் நாங்கள் பாப்பம்" என்கிறார். நான் ஒன்றுக்கும் யோசிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. போன மாதம் நீ பேசியபோது சொன்னாய்: "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி அபியைக் கூட்டிட்டு வர்றேன், நம்ம வீட்டைப் பார்க்கணுங்கறா. ஆனா அந்தத் துப்பாக்கி அங்க இருந்தா நான் உள்ள வரமாட்டேன். மோட்டல்ல தங்கிக்குவேன்." புதுச் சட்டம் வருகிறது, உரிமம் இல்லாதவள் வைத்திருக்க முடியாது, எப்படியும் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றேன். "சட்டத்துக்காகக் கொடுக்காதே. எனக்காகக் கொடு" என்றாய். சரி என்றேன். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை அது போய்விடும். நீ வந்துவிடுவாய். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் வாயையே திறக்காமல் எல்லாம் சரியாகிவிடும். வாயைத் திறக்காமல் காரியத்தை நடத்திக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன்.

உன் அப்பாவுக்கு ஏன் துப்பாக்கி என்று அபி கேட்டிருப்பாள். கோயம்புத்தூரில் படிக்கும்போது என்.சி.சி.யில் சுட்டு ஒரு கோப்பை வாங்கியவர். இங்கே வந்து விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் பரிசோதகராகச் சேர்ந்து, பனியும் வேலையுமாகப் பத்து வருஷம் ஓடிய பிறகு, லவாலைத் தாண்டித் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருப்பது தெரிந்து போய்ச் சேர்ந்தார். அங்கே ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து வாங்கியதுதான் இது. பிறகு உன்னையும் கூட்டிப்போய் இதிலேயே சுடப் பழக்கினார். ஒருவன் கல்லூரிக்குள் புகுந்து பெண்களைச் சுட்டுக் கொன்ற அந்த டிசம்பருக்குப் பிறகு, இந்த ஊரில் துப்பாக்கி என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்லாத அந்த மாதங்களில், விற்றுவிடுங்கள் என்று நான் கெஞ்சியிருக்கிறேன். "நான் சுடுறது காகிதத்தை" என்பார். அது உண்மைதான். அவர் வாழ்க்கையில் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஜான்-தலோன் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த சிவம் அண்ணைகூட ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டார்: "ஐயா, துவக்குக்குப் பயந்து நாங்கள் கடல் தாண்டி ஓடிவந்தனாங்கள். நீங்கள் என்னெண்டால் காசு குடுத்து வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சுப் பூசை செய்யிறியள்." உன் அப்பா சிரித்தார். அன்று வாங்கின புளியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார்.

அந்தத் துப்பாக்கியில் அவருக்கு ஒரே ஒரு குறை. மேல்பாதியின் அடியில் முன்னால் ஒரு காது, பின்னால் ஒரு காது இருக்கும். அவை கீழ்பாதியின் குழிகளுக்குள் இறங்கும். குறுக்கே இரண்டு முளைகள் போய் இரண்டு பாதியையும் பிடித்துக்கொள்ளும். குழி கொஞ்சம் அகலமாகவோ காது கொஞ்சம் ஒல்லியாகவோ இருந்ததால் இரண்டு பாதிக்கும் நடுவில் மயிரிழை அளவு ஆட்டம். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு வேலை. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"கேளு" என்று என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டுவார்.

"கேக்குது."

"ஃபாக்டரில இப்படி ஒண்ணு வந்தா நேரா குப்பைத்தொட்டிதான்."

"அப்ப போட்டுத் தொலைங்களேன். ஒரு மாசமா இதே பேச்சு."

காகிதத்தை மடித்து வைத்துப் பார்த்தார். இரண்டு சனிக்கிழமையில் நைந்துபோனது. மின்சார டேப்பை ஒட்டினார், பிசினாக வழிந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டி வைத்தார். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கடைசியில் ஒரு நாள் குளியலறையில் நின்றுகொண்டு கத்தினார்: "உன் நெயில் பாலிஷ் எங்க?"

"எதுக்கு?"

"காதுல பூசணும். ஒரு பூச்சு, காய்ஞ்சதும் இன்னொரு பூச்சு. கெட்டியாயிரும்."

நீ அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "அப்பா, எந்தக் கலர்? செவப்பா? அதுக்கு வளையலும் போட்டு விட்டுடலாமா?" என்றாய். நான் சிரித்துப் புரையேறி எழுந்து போனேன். அவருக்கு மூக்குக்குமேல் கோபம். நீ விடவில்லை. குழாயும் மேல்பாதியில் இருக்கிறது, குறிபார்க்கும் முள்ளும் மேல்பாதியில் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று அசைவதே இல்லை, கீழ்பாதி கொஞ்சம் ஆடினால் குண்டுக்கு என்ன தெரியும் என்று கேட்டாய். "கன்னம் வைக்கிற கட்டை எதுலடா இருக்கு? தோள்ல அழுத்துற பக்கம்? விசை? எல்லாம் கீழ்பாதில. அது ஆடினா நான் ஆடுறேன்" என்றார். "நீங்க ஆடறீங்கன்னா அது துப்பாக்கி தப்பில்லையே" என்றாய். இப்போது யோசித்தால் நீ சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. அன்று சாம்பார் ஆறிப்போனதுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் அதே சண்டை. பதினேழு வயதுப் பிள்ளையும் நாற்பத்தைந்து வயது மனிதரும் ஒரு மயிரிழைக்காக முறைத்துக்கொண்டு சாப்பிடுவதை எத்தனை நாள் பார்ப்பது?

செய்தது நான்தான்.

இந்த இரண்டு சொல்லை எழுத இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் கார் டயர் மாற்றப் போயிருந்தீர்கள். அடுக்களையில் பழைய குக்கர் கேஸ்கெட் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. நம் வீட்டில் எந்தக் கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறோம், ஊரிலிருந்து வரும்போது சூட்கேஸில் மூன்று வாங்கி வருபவர்கள்தானே. அதிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் நூறு தடவை கழற்றி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியின் காதுகளில் அவர் முந்தின நாள் பூசிய பாலிஷ் இன்னும் பிசுபிசுத்தது. பின்பக்கக் குழிக்குள் துண்டை வைத்து, மேல்பாதியை மூடி, அழுத்தி, முளையைத் தள்ளினேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சமையல்கட்டில் தனியாக நின்று சிரித்தேன். வேதியியல் பட்டம் வாங்கி, ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருப்பவள், ஒரு இன்ஜினியரால் ஒரு மாதமாக முடியாததை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் எடுத்துக் காதருகில் ஆட்டினார். நின்றார். திரும்பவும் ஆட்டினார். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். "அசையலை! பாரு, பாலிஷ் நல்லாக் காய்ஞ்சு பிடிச்சிருச்சு" என்றார். உன்னைப் பார்த்து, "பொறுமைடா. இன்ஜினியரிங்னா பொறுமை" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்றைக்கே உடைக்க வேண்டாம், கிளப்பில் அடுத்த போட்டி முடியட்டும், திரும்பி வரும்போது ஆறு கடக்கும் படகில் வைத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். 'உங்க பாலிஷுக்கு மேல என் குக்கர்' என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

போட்டிக்கு முன்னால் இருந்த இரண்டு வாரமும் கிளப்பில் அதே துப்பாக்கியால் நீ சுட்டதை நான் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். காகிதத்தில் நீ போட்ட ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். கிளப்பின் சுடுகளத்துப் பொறுப்பாளர் முஸ்யே லாப்பியேர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாகாண இளையோர் போட்டிக்கு உன் பெயரைக் கொடுக்கிறேன் என்றார். உன் அப்பா அன்று படகில் லவால் பக்கத்திலிருந்து நம் தீவு வரும்வரை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நீ முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் பார்த்திருக்க மாட்டாய்.

நான் மறந்த ஒன்று உண்டு. ரப்பர் எண்ணெய் குடிக்கும். வேதியியல் படித்த எவளுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஆவிக்கும் சோற்றுக்கும் செய்த ரப்பர் அது, இயந்திர எண்ணெய்க்குச் செய்ததல்ல. போட்டி வருகிறதே என்று அவர் ஒவ்வொரு மாலையும் முளைகளின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். பாலிஷ் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் கழற்றிப் பார்க்கவும் இல்லை. எண்ணெய் உள்ளே இறங்கியது. துண்டு ஊறியது.

போட்டியன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் என் நாற்காலியிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. வரிசையில் நிற்பதற்குமுன் ஒவ்வொருவரும் துப்பாக்கியைத் திறந்து காட்ட வேண்டும் என்றார் லாப்பியேர். பின்பக்க முளை அசையவில்லை. உன் அப்பா கட்டைவிரலால் தள்ளினார். உள்ளங்கையால் குத்தினார். திருப்புளியின் மரப்பிடியால் தட்டினார். பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். லாப்பியேர் பித்தளைக் கம்பியும் சின்னச் சுத்தியலும் கொண்டுவந்தார். நாலாவது அடியில் முளை வந்தது. உள்ளே அந்தத் துண்டு, ஊறின உளுந்துபோல உப்பிப்போய், கறுப்பாக எண்ணெய் வழிய ஒட்டிக்கொண்டிருந்தது. லாப்பியேர் அதை விரலால் தொட்டு, இது என்ன, யார் வைத்தது என்று கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல் துப்பாக்கிக்குள் எதையும் வைக்கக் கூடாது என்பது களத்தின் முதல் விதி.

உன் அப்பா உன்னைத்தான் பார்த்தார்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"நான் பண்ணலப்பா."

"ஆடினா ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு என்கிட்ட வாயடிச்சிட்டு, போட்டின்னதும் நீயே அடைச்சு வச்சிருக்கே."

"நான் இல்லைங்கறேன்ல!" நீ லாப்பியேர் பக்கம் திரும்பி, "சே பா முவா" என்று பிரெஞ்சிலும் சொன்னாய்.

"வீட்ல இதைத் தொடுறது ரெண்டே பேர். நான் இல்லை. நீ இல்லைன்னா வேற யாரு, உங்கம்மாவா?"

கிண்டலாகத்தான் கேட்டார். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவ்வளவு நடக்க முடியாத விஷயம். நான் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து காபி ஊற்றினேன். ஒரு துளி சிந்தவில்லை. அதை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஊற்றிய காபியை நானே குடித்தேன். அதற்குள் உன் அப்பா லாப்பியேரிடம் ஆங்கிலத்தில், "என் மகன் செய்தது, எனக்குத் தெரியாமல்" என்று சொல்லிவிட்டார். வாசல் மேஜையில் பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று இருக்குமே, அதில் லாப்பியேர் மெதுவாக எழுதினார். அனுமதியில்லாத மாற்றம் என்று எழுதி, செய்தவர் என்ற இடத்தில் உன் பெயர். ஒவ்வொரு எழுத்தாக உன்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். நீ உன் பெயருக்கு எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றாய். மாகாணப் போட்டிப் பட்டியலிலிருந்து அதே வாரம் உன்னை எடுத்துவிட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை? பல வருஷமாக எனக்கே ஒரு பதில் சொல்லி வைத்திருந்தேன். உரிமம் இல்லாதவள் கையில் சாவி இருந்தது தெரிந்தால் அவருடைய அனுமதியைப் பறித்துவிடுவார்கள் என்று. அது பொய்யில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அது என் நினைவிலேயே இல்லை. அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில், மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, புடவைக்குமேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, 'அது குக்கர் கேஸ்கெட், நான்தான் வைத்தேன்' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வெறும் கூச்சம். அவர்கள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து உன்னைக் கொடுத்துவிட்டேன். ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று நீ சாப்பிட வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஆனதும் அது வேறொன்றாகிவிட்டது. கேஸ்கெட் வைத்ததை மட்டும் சொன்னால் போதாது, சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டியது கூடிக்கொண்டே போனது. உனக்குப் பதினெட்டு முடிந்ததும் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போனாய். பக்கத்திலேயே இத்தனை கல்லூரிகள் இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் என்று உன் அப்பா கேட்டார். நீ பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியும்; நானும் சொல்லவில்லை. அவர் இறந்தபோது லாப்பியேர் வந்திருந்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகனுக்கு நல்ல கண், வீணாகிவிட்டது என்றார். நான் "மெர்சி" என்று நன்றி சொன்னேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மாக்கள் புத்திமதி எழுதுவார்கள். இரண்டு பாதி, நடுவில் ஆட்டம் என்று உவமை சொல்ல நான் வரவில்லை. கல்யாணம் துப்பாக்கி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அபிக்குத் தெரியாமல் அவளுக்காக நல்லது எதையும் செய்யாதே. செய்துவிட்டால் அன்றே சொல்லிவிடு. அவள் திட்டினாலும் சிரித்தாலும் அன்றே. நான் செய்த காரியத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆச்சரியமாக்கிக் காட்டவேண்டும் என்ற ஆசை மட்டும்தான். அந்த ஆசைதான் இவ்வளவும் செய்தது.

இது வரைக்கும் எழுதுவதற்கு நான் எப்போதோ தயாராக இருந்திருக்கலாம். இனிமேல் எழுதப்போவது இன்று காலைவரை எனக்கே தெரியாது. பிரித்த பாதிகளைப் போர்வையில் சுற்றிவிட்டு, கூடவே அவருடைய கருவிப்பெட்டியையும் கொடுத்துவிடலாமா என்று திறந்து பார்த்தேன். உனக்குத் தெரியுமே, கேமரா ஃபிலிம் வரும் சின்ன டப்பாக்களில் திருகு, வாஷர் எல்லாம் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் தாள் ஒட்டி எழுதி வைப்பார். ஒரு டப்பாவில் ஒரு கறுப்புத் துண்டு. சுருங்கிக் கெட்டித்துப்போய், ஒரு பக்கம் குக்கர் மூடியில் உட்கார்ந்த வரம்பு இன்னும் தெரிகிறது. தாளில் அவருடைய குண்டு குண்டான எழுத்து: 'குக்கர் கேஸ்கெட். எண்ணெயில் உப்பும்.' கீழே தேதி. போட்டிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

அவருக்கு மறுநாளே தெரிந்திருக்கிறது. அது எந்த ரப்பர் என்று தெரிந்தவருக்கு யார் வெட்டியது என்று தெரியாமல் இருக்குமா? நீ அந்த இழுப்பறையைத் திறந்ததே கிடையாது. குக்கரை எப்படி மூடுவது என்றே உனக்கு அன்று தெரியாது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த வாரமே சாப்பாட்டு மேஜைமேல் ஒரு புதுக் கேஸ்கெட் இருந்தது. அவர்தான் வாங்கி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது சிவம் அண்ணை சொன்னார்: "உங்கட அவர் வந்தவர் அக்கா. ஒரு சின்னத் துண்டைக் கொண்டுவந்து காட்டி, இது குக்கரின்ர கேஸ்கெட்தானே எண்டு கேட்டவர். ஓம் எண்டன். பேந்து கன நேரம் ஒண்டும் கதைக்காமல் நிண்டார். சுகமில்லையோ எண்டு நினைச்சன்." அளவு பார்க்கக் கொண்டுபோயிருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்ள விரும்பினேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். மருந்து மயக்கத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து, "குக்கர் கேஸ்கெட் மாத்தினியா?" என்றார். "மாத்திட்டேன், நீங்க தூங்குங்க" என்றேன். கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ பிதற்றல் என்று நர்ஸிடம்கூடச் சொன்னேன்.

அவர் ஏன் உன்னிடம் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றவா? அத்தனை பேர் முன்னால் மகனைக் குற்றம் சொன்னவர், மறுநாள் போய் 'தப்பு என்னுடையது' என்று சொல்லக் கூச்சப்பட்டாரா? எனக்கு வந்த அதே கூச்சமா? தெரியாது. நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்திருக்கலாம். அவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று நான் இருந்தேன். இருவரும் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் போட்டிக்குப் பிறகு துப்பாக்கியின் ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பெட்டியின் அடியில் எண்ணெய் தாங்கும் ரப்பர் தகடு ஒன்று, வாங்கிய உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. சரியானதை வாங்கி வைத்துவிட்டு, வைக்காமலே ஐந்தாறு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை ஆட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. உனக்கு வரும். எங்கள் இருவர்மேலும் வரட்டும். நீ அதில் ஒரு பங்கையும் எனக்காகக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு நான் செய்ததைச் சொன்னால் பைத்தியம் என்பாய். அந்த உறையைப் பிரித்து, கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டி, போர்வையை மறுபடி விரித்து, பின்பக்கக் குழிக்குள் வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து முளைகளைத் தள்ளினேன். கொஞ்சம் அழுத்தம் கேட்டது. ஆனால் விரலாலேயே போனது, விரலாலேயே வந்தது. ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மணி எட்டாகியிருந்தது. காபி போட்டுக் குடித்தேன். பிறகு மறுபடி கழற்றிப் போர்வையில் சுற்றி வைத்தேன். அந்தத் துண்டு உள்ளேயே இருக்கிறது. வியாழக்கிழமை போகும்போது அதோடு போகட்டும். நீ கேட்டபடி, உனக்காகத்தான் கொடுக்கிறேன். ஃபிலிம் டப்பாவைக் கொடுக்கமாட்டேன். அது என் கைப்பையில் இருக்கிறது.

ஏனென்றால் துப்பாக்கி போய்விட்டாலும் அந்தப் பச்சை நோட்டு போகாது. லாப்பியேர் பழைய நோட்டுகளையெல்லாம் கதவுக்கு மேலே பலகையில் வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார், பார்த்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கிளப்பில் உறுப்பினர்கள் எல்லாரும் வருகிற வருஷக் கூட்டம். ஆற்றுப் பனிக்கட்டி முழுதாகப் போகாததால் ஏப்ரலில் படகு ஓடாது. இங்கிருந்து பஸ் ஏறி, மெட்ரோ பிடித்து, லவாலில் டாக்ஸி வைத்துக்கொண்டு போகவேண்டும். மூன்று மணி நேரமாவது ஆகும். போகப்போகிறேன். அந்த வருஷத்து நோட்டை இறக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, டப்பாவை மேஜைமேல் வைத்து, இது குக்கர் கேஸ்கெட், வைத்தது நான் என்று எல்லார் காதிலும் விழுகிறமாதிரி சொல்லப்போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். உன் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதச் சொல்லுவேன். லாப்பியேருக்கு என் பெயரை எழுத வராது. ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்லுவேன்.